மூன்று பழமும் முப்பது பழமும்

கூம்பன் மலைக் காட்டில் ஒரு கேளையாடு இருந்தது. அதன் பெயர் வெட்சி.

கேளையாடு என்றால் ஆடு அல்ல. நாயைப் போலக் குரைக்கும் சின்ன மான். புலியின் வாடை பட்டால் போதும், "பொக்! பொக்!" என்று மலையே கேட்கக் குரைக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் காட்டில் எல்லாரும் கிடைத்த புதரில் பதுங்கிவிடுவார்கள். உண்மையா பொய்யா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. கேளையாடு குரைத்தால் புலி இருக்கும். அதுதான் அந்தக் காட்டின் கணக்கு.

வெட்சியின் கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அது வெட்சியின் தங்கை நுணாவின் குட்டி. காலை ஊன்றினால் நான்கும் நான்கு பக்கம் போகும்.

மாசி மாதம் வந்தால் கூம்பன் மலை ஓடை வற்றிவிடும். இலவ மரத்தடியில் ஓர் ஊற்று மட்டும் மிஞ்சும். அதுவும் சின்னது. எல்லாரும் ஒரே நேரத்தில் போய் முட்டி மோதினால் ஒருவருக்கும் கிடைக்காது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இலவம் பூத்தபின் வரும் முழுநிலவுக்கு மறுநாள் காலையில் ஓட்டம் நடக்கும். கூட்டத்துக்கு ஒருவர் ஓட வேண்டும். மலையைச் சுற்றி மூன்று சுற்று. யார் முதலில் வருகிறாரோ அவர் கூட்டம் கோடை முழுவதும் முதலில் குடிக்கும். அடுத்து வந்தவர் கூட்டம் அடுத்து. இப்படியே வரிசை.

முதலாவதாகக் குடித்தாலும் மூன்றாவதாகக் குடித்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். காட்டுப்பன்றிக்கு முன்னாலா, பின்னாலா?

பன்றிகள் குடித்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை. ஊற்றில் இறங்கும். உட்காரும். புரளும். குடும்பத்தோடு புரளும். அவை எழுந்து போனபின் அங்கே இருப்பதைத் தண்ணீர் என்று சொல்ல நாக்கு கூசும்.

போன வருடம் வெட்சி பன்றிக்குப் பின்னால் வந்தது. கோடை முழுவதும் அப்போதிருந்த நான்கு பேரும் சேற்றைக் குடித்தார்கள். பெரியவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். இந்த வருடம் அப்படி இல்லை. நுணா பால் கொடுக்கிற தாய். நல்ல தண்ணீர் இல்லையென்றால் பால் ஏது?

"அக்கா, நீ முதல்ல வரவேண்டாம்" என்றது நுணா. "பன்றிக்கு ஒரு அடி முன்னால வா. அது போதும் எனக்கு."

"வர்றேன்!" என்றது வெட்சி.

அன்றிலிருந்து தினமும் ஓடிப் பழகியது.

ஓட்டத்துக்கு நடுவர் ஓர் இருவாச்சி. வேறு வேலை இல்லாத பறவை என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு மூச்சுவிட நேரமில்லை. மனைவி மரப்பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். பொந்தின் வாயை மண் வைத்துப் பூசி, அலகு நுழைகிற அளவு ஓட்டை மட்டும் விட்டிருந்தார்கள். இருவாச்சி அத்தி மரத்துக்கும் பொந்துக்கும் பறந்து பறந்து பழம் ஊட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நடையும் ஒரே நேரம் எடுக்கும். கொஞ்சம் தாமதமானாலும் உள்ளிருந்து, "எங்கே போனீங்க? யாரோட பேச்சு?" என்று குரல் வரும். அதனால் அந்தக் காட்டில் நேரத்தை இருவாச்சியின் நடையை வைத்துத்தான் அளந்தார்கள். அதைவிடச் சரியாக அளக்க யாராலும் முடியாது.

"இன்னிக்கு எத்தனை மாமா?" என்று இரைக்க இரைக்கக் கேட்டது வெட்சி.

"இருபத்தஞ்சு நடை" என்றது இருவாச்சி, வாயில் பழத்தோடு.

"கொழுவன்?"

கொழுவன் என்பது பன்றிகளின் ஓட்டக்காரன். மூக்கால் நிலத்தை உழுதுகொண்டே வளர்ந்தது. வேகம் கிடையாது. ஆனால் நிற்கவும் செய்யாது. தொடங்கிய வேகத்திலேயே முடிக்கும்.

"கொழுவன் இருபத்துநாலரை. எப்பவும் இருபத்துநாலரை. புள்ளிமான் இருபது. கடமான் இருபத்திரண்டு. முயல் இருபத்துமூணு. முள்ளம்பன்றி எத்தனைன்னு நான் எண்ணுறதில்லை."

அரை நடை! வெறும் அரை நடைதான் வெட்சிக்கு இடித்தது. முதல் சுற்று சுகமாக இருக்கும். இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது சுற்றில் வழுக்குப்பாறை ஏற்றம் வரும்போது மட்டும் கால்கள் 'போதும்' என்று சொல்லிவிடும். அங்கேதான் கொழுவன் தாண்டிப் போகும். ஒரு தடவைகூட இளைத்த மாதிரி தெரியாது.

ஒரு நாள் விடியற்காலையில் வெட்சி காப்பித் தோட்டத்து வேலியோரம் ஓடிவந்தது. வேலிக்கு அடியிலிருந்து ஒரு மரநாய் வெளியே வந்தது. பெயர் புகையன். இரவெல்லாம் தோட்டத்தில் பழம் தின்றுவிட்டு விடிந்ததும் தூங்கப் போகிற ஆசாமி. வெட்சியைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன தங்கச்சி, நாக்கு தரையைத் தொடுது?"

"மூணாவது சுத்து அண்ணே. கால் வரமாட்டேங்குது."

"கால் வராமலா? என்னைப் பாரு! ராத்திரி முழுக்க மரத்துக்கு மரம் தாவுறேன். களைப்புன்னா என்னன்னே எனக்குத் தெரியாது!"

"எப்படி?"

புகையன் இரண்டு பக்கமும் பார்த்தது. காதோடு காதாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்படிச் சொன்னால்தான் அதற்குத் திருப்தி.

"காப்பிப் பழம்! அந்தத் தோட்டத்து மனுஷங்களைப் பார்த்திருக்கியா? காலையில வருவாங்க, தோள் தொங்கும், கொட்டாவி விடுவாங்க. இந்தக் கொட்டையை வறுத்துப் பொடிச்சு ஒரு கறுப்புத் தண்ணி குடிப்பாங்க. அப்புறம் பாரு! மூட்டையைத் தூக்கிக்கிட்டு அதே ஏத்தத்தில பேசிக்கிட்டே ஏறுவாங்க! எல்லாம் இந்தக் கொட்டைக்குள்ள இருக்கிற சங்கதி."

வெட்சி வேலிக்கு வெளியே நீண்டிருந்த கிளையைப் பார்த்தது. அறுவடையில் விடுபட்ட பழங்கள் சிவப்பாகத் தொங்கின. மூன்றைக் கடித்தது. தோல் இனித்தது. உள்ளே கொட்டை கசந்தது. கேளையாடு ஆயிற்றே, கொட்டையை விட்டுவைக்குமா? நன்றாக மென்று விழுங்கியது.

"தின்ன உடனே ஓடாதே" என்றது புகையன். "இருவாச்சி மூணு நாலு நடை போய் வரட்டும். அப்புறம்தான் அது உடம்புல ஏறும்."

இது உண்மையான பேச்சு. புகையன் எப்போதாவது உண்மையும் பேசும். வெட்சி காத்திருந்து ஓடியது.

முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது சுற்றில் வழுக்குப்பாறை வந்தது. கால் கனத்தது. ஆனால் என்னவோ, அந்தக் கனம் மனதைத் தொடவில்லை. ஏறு என்றால் ஏறியது. மேலே போய் இறங்கியது.

"இருபத்துநாலு!" என்று கத்தியது இருவாச்சி. "ஒரு நடை குறைஞ்சிருக்கு!"

வெட்சி துள்ளிக் குதித்தது. "மாமா! கொழுவனுக்கு அரை நடை முன்னால!"

வீட்டுக்கு ஓடி நுணாவிடம் எல்லாவற்றையும் சொன்னது.

"களைப்பே போயிடுச்சா?" என்று கேட்டது நுணா.

"போகலை. களைப்பு இருந்துச்சு. அது என் காதுகிட்ட வந்து கத்துறதுக்குப் பதிலா, கொஞ்சம் தள்ளி நின்னு கத்துச்சு. அவ்வளவுதான்."

"அப்போ அதைத் தின்னு ஓடு. ஜெயிச்சுடலாம்."

இரண்டு நாள் கழித்து வெட்சி மறுபடியும் மூன்று பழம் தின்று ஓடியது. மறுபடியும் இருபத்துநாலு. இதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஓட்டத்தன்று மூன்று பழம். பன்றிக்கு முன்னால். நல்ல தண்ணீர். எல்லாரும் சந்தோஷம்.

ஆனால் வெட்சிக்குக் கணக்கு வந்துவிட்டது. மூன்று பழத்துக்கு ஒரு நடை குறைகிறது. அப்படியென்றால் முப்பது பழத்துக்கு?

"பத்து நடை!" என்று கத்தியது வெட்சி. "இருபத்தஞ்சுல பத்து போனா பதினஞ்சு! புள்ளிமானே இருபதுதான்! நுணா, நாமதான் முதல்!"

"முதலை வச்சு என்ன செய்யப்போறோம்?" என்று கேட்டது நுணா. குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. "பன்றிக்கு முன்னால போதும்னுதானே சொன்னேன்?"

"உனக்கு ஆசையே இல்லை."

"எனக்குத் தாகம்தான் இருக்கு."

வெட்சி இருவாச்சியிடம் போய்த் தன் கணக்கைச் சொன்னது.

"மூணு தின்னே, ஒண்ணு குறைஞ்சது. அதை நான் பார்த்தேன், சொன்னேன்" என்றது இருவாச்சி. "முப்பது தின்னா பத்து குறையும்னு நான் பார்க்கலை. பார்க்காததை நான் சொல்றதில்லை."

"பழம் எங்கே?" என்றது பொந்துக்குள்ளிருந்த குரல். இருவாச்சி பறந்துவிட்டது.

பார்க்காததைச் சொல்ல ஒருவர் தயாராக இருந்தார். வெட்சி நேராக அவரிடம் போனது.

"முப்பதா?" என்று சிரித்தது புகையன். "நான் ஒரு ராத்திரிக்கு அம்பது தின்னுறேன் தங்கச்சி! அம்பது! எனக்கு என்ன ஆச்சு? கை நடுங்குதா? கண்ணு சுத்துதா? விடிஞ்சதும் படுத்தா அந்தி சாயற வரைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம்! நீ என்னைவிட நாலு மடங்கு பெரிய உடம்பு. முப்பது உனக்கு எந்த மூலைக்கு?"

இப்படிப் பேசிக்கொண்டே புகையன் பக்கத்திலிருந்த தட்டைப்பாறையில் உட்கார்ந்து, காலைக்கடனை முடித்தது. தினமும் அந்தப் பாறைதான் அதற்கு. பாறை முழுவதும் பழைய எச்சம் காய்ந்து கிடந்தது. அதில் காப்பிக் கொட்டைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஒன்றுகூட உடையவில்லை. மரத்தில் இருந்தபடியே முழுசாக இருந்தன.

வெட்சி அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நன்றாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே வெட்சி பத்துப் பழம் தின்றது. நாளைக்கு உடம்பு தயாராக இருக்கட்டும் என்று அதற்கு எண்ணம். இரவு முழுவதும் கண் மூடவில்லை. படுத்தது, எழுந்தது, படுத்தது. பக்கத்தில் நுணா திரும்பிப் படுத்தாலும் திடுக்கிட்டது. அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம் கொழுவன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கே கேட்கிற குறட்டை.

விடிந்தது. வெட்சி வேலியோரம் போய் எண்ணி முப்பது பழம் தின்றது. நன்றாக மென்றது. இருவாச்சி மூன்று நடை போகும்வரை காத்திருந்தது. இலவ மரத்தடிக்கு வந்து நின்றது.

"ஏன் இப்படி நடுங்குறே?" என்று கேட்டது புள்ளிமான்.

"குளிருது!"

"இன்னிக்கா?" என்று வானத்தைப் பார்த்தது முயல்.

காலையில் தோண்டித் தின்ற கிழங்கின் மண் இன்னும் கொழுவனின் மூக்கில் இருந்தது. கடமான் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி கொட்டாவி விட்டது.

இருவாச்சி சிறகடித்தது. "ஓடுங்க!"

வெட்சி பறந்தது!

புள்ளிமானைத் தாண்டியது. கடமானை எப்போதோ தாண்டியாயிற்று. காற்றும் இலையும் சேர்ந்து பின்னால் போயின. வழுக்குப்பாறையை ஒரே மூச்சில் ஏறியது. முதல் சுற்று முடிந்து இலவ மரத்தடிக்கு வந்தபோது பின்னால் யாருமே இல்லை.

"ஆறு நடை!" என்று கத்தியது இருவாச்சி. "இத்தனை வருஷத்துல யாரும் ஆறுல வந்ததில்லை!"

"பார்த்தியா நுணா!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தியது வெட்சி. நுணா அங்கே இல்லை. கடைசித் திருப்பத்தில் குட்டியோடு காத்திருப்பதாக அது முன்பே சொல்லியிருந்தது. வெட்சிக்கு அது மறந்துவிட்டது.

இரண்டாவது சுற்றில் நெஞ்சு படபடத்தது. மரங்கொத்தி உள்ளே உட்கார்ந்து கொத்துகிற மாதிரி இருந்தது. பிறகு வயிறு பிசைந்தது. வெட்சி புதருக்குள் ஓடியது. வெளியே வந்தது. நாலு அடி ஓடியது. மறுபடியும் புதருக்குள் போனது. அதற்குள் புள்ளிமான் தாண்டிவிட்டது. கடமானும் முயலும் தாண்டின.

வழுக்குப்பாறை அடிவாரத்தில் வெட்சியால் முடியவில்லை. ஒரு நிமிடம் நிற்கலாம் என்று நின்றது. நின்றதுதான் தப்பு. அசைபோடுகிற ஜாதிக்கு நின்றால் தின்றது மேலே வரும். வந்தது. காலையில் மென்ற காப்பிக் கொட்டை வாய்க்கு வந்தது. பழக்கதோஷம், வெட்சி அதை இன்னொரு தடவை நன்றாக அரைத்தது. முதலில் விட்டுப்போன கசப்பெல்லாம் இப்போது இறங்கியது. அதையும் விழுங்கியது.

ஒரு தேக்கிலை விழுந்தது.

காய்ந்த இலை. பெரிய இலை. கல்லில் பட்டுச் சர்ரென்று சத்தம் வந்தது.

"பொக்! பொக்! பொக்!"

காடே அடங்கியது. புள்ளிமான் புல்லுக்குள் படுத்தது. முயல் வளைக்குள் போனது. கொழுவன் அத்தனை பெரிய உடம்பை ஒரு சின்னப் புதருக்குள் திணிக்கப் பார்த்தது. இருவாச்சி மேலே வட்டமடித்து நாலு பக்கமும் பார்த்தது.

"புலி இல்லை! தேக்கிலை! தேக்கிலை!"

எல்லாரும் எழுந்து வந்தார்கள். கேளையாடு இலையைப் பார்த்துக் குரைத்து அவர்கள் கேட்டதே இல்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாவது சுற்று தொடங்கியது. வெட்சியின் கால்கள் ஓடின. ஆனால் ஒரே பக்கமாக ஓடவில்லை. கண்ணுக்குப் பட்டதெல்லாம் அசைந்தது. பக்கத்தில் யாரோ கூடவே ஓடிவந்தார்கள்.

"பொக்! பொக்!"

மறுபடியும் எல்லாரும் படுத்தார்கள். மறுபடியும் இருவாச்சி பறந்து பார்த்தது.

"அது உன் நிழல்!" என்று கத்தியது. அதன் குரலில் முதல்முறையாகக் கோபம் இருந்தது.

கொழுவன் புதரிலிருந்து எழுந்து உடம்பை உதறியது. வெட்சியின் பக்கமாக வந்தபோது கொஞ்சம் மெதுவானது. "ஏம்மா, முடியலைன்னா உட்காரு. உசுரு முக்கியம்" என்றது. பிறகு தன் நடையிலேயே தாண்டிப் போனது. அதில் கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் வெட்சிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கடைசித் திருப்பம் வந்தது. புதருக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று செம்மண் நிறத்தில் அசைந்தது. ஒன்றல்ல, இரண்டு! ஒன்று பெரியது, ஒன்று சிறியது!

"பொக்! பொக்! பொக்! பொக்!"

முன்னால் ஓடியவர்கள் காதில் வாங்கவில்லை. புள்ளிமான் நிற்கவில்லை. முயல் நிற்கவில்லை. கொழுவன் ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு ஓடியது. அந்தக் காட்டில் கேளையாடு குரைத்து ஒருவரும் பதுங்காதது அன்றுதான் முதல் தடவை.

ஒருவரும் என்று சொல்லக்கூடாது. நுணா நம்பியது.

செம்மண் நிறத்தில் அசைந்தது நுணாதான். சின்னது அதன் குட்டி. அக்கா கடைசிச் சுற்றில் இந்தத் திருப்பத்துக்கு வரும்போது ஒரு குரல் கொடுக்கலாம் என்று, விடியற்காலையிலிருந்து புதர் மறைவில் காத்திருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. அக்கா குரைத்ததும் புலி தன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்றே நினைத்தது. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு எதிரே இருந்த உண்ணிச்செடிக்குள் பாய்ந்தது. முள் குத்திற்று. குட்டி அலறியது. அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் வெட்சிக்குக் கண் தெரிந்தது.

"நுணா! நான்தான்! புலி இல்லை! வெளியே வா!"

நுணா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

வெட்சி இலவ மரத்தடிக்கு வந்தபோது கொழுவன் வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்தும் ஆயிற்று. முள்ளம்பன்றி மட்டும் இன்னும் வரவில்லை. வழியில் கிழங்கு தோண்ட நின்றுவிட்டதாம்.

"புள்ளிமான் இருபது. கடமான் இருபத்திரண்டு. முயல் இருபத்துமூணு. கொழுவன் இருபத்துநாலரை" என்று அறிவித்தது இருவாச்சி. "எல்லாரும் பதுங்கின நேரத்தைக் கழிச்சுட்டேன். வெட்சி இருபத்தெட்டு."

கொஞ்சம் தயங்கியது. பிறகு, பார்த்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும், அதையும் சொன்னது. "மூணு பழத்தோட ரெண்டு தடவை ஓடினே. ரெண்டு தடவையும் இருபத்துநாலு."

அந்த நேரம் பார்த்துப் புகையன் வந்தது. பகலில் அதற்குத் தூக்கம். ஆனாலும் முடிவு தெரியாமல் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

"என்ன ஆச்சு? நான் அம்பது தின்னுறேனே! எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

அப்போதுதான் நுணா வந்து சேர்ந்தது. காதில் முள் கிழித்த ரத்தம். குட்டி அதன் வயிற்றுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நடந்தது. வருகிற வழியில் தட்டைப்பாறை இருக்கிறது. நுணா அதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தது.

"நீ எங்கே தின்னே?" என்று கேட்டது நுணா. "போய் உன் பாறையைப் பாரு! போன கொட்டை போனபடியே கிடக்கு! நீ தின்னது தோலை. கொட்டையை முழுசா விழுங்கி முழுசா வெளியே போடுறே. உனக்குள்ள அது வழிப்போக்கன். எங்க அக்கா அதை மென்னா. மென்னது பத்தாதுன்னு திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து இன்னொரு தடவை மென்னா. உன் அம்பதும் அவ முப்பதும் ஒண்ணா?"

புகையன் இத்தனை வருடமாகத் தின்றும் கொட்டையின் ருசி தெரியாமல் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது. "தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலையிலிருந்து வரிசை நடைமுறைக்கு வந்தது. புள்ளிமான்கள் குடித்தன. கடமான்கள் குடித்தன. முயல்கள் குடித்தன. பிறகு கொழுவனும் அதன் மனைவியும் ஒன்பது குட்டிகளும் இறங்கின. இறங்கின, உட்கார்ந்தன, புரண்டன.

எழுந்து போகும்போது கொழுவன் வெட்சியைப் பார்த்து, "கோவிச்சுக்காதே. உடம்பு சூடு, புரளாம முடியாது. எங்க பொறப்பு அப்படி" என்றது.

வெட்சி கரையில் நின்றது. ஊற்றில் சேறு சுழன்றுகொண்டிருந்தது. தெளிய உச்சிவேளை ஆகும். உச்சிவேளையில்தான் புலி தண்ணீருக்கு வரும்.

நுணாவின் குட்டி முகத்தை நீட்டி ஒரு வாய் குடித்தது. தும்மியது. மூக்கெல்லாம் சேறு.

"தெளியற வரைக்கும் இருப்போம்" என்றது வெட்சி. தங்கையின் முகத்தைப் பார்க்க அதற்குத் தைரியம் வரவில்லை. "நான் காவல் நிக்கிறேன். புலி வந்தா குரைக்கிறேன். நீ குட்டியோட குடி."

நுணா குட்டியின் மூக்கை நக்கித் துடைத்தது. காதில் இருந்த காயம் இன்னும் ஆறவில்லை.

"அக்கா" என்றது. "நீ குரைச்சா நான் உடனே ஓடணுமா? இல்லை, இலையா புலியான்னு திரும்பிப் பார்த்துட்டு ஓடணுமா?"

வெட்சி வாலைக்கூட ஆட்டாமல், புலி வரும் மேட்டைப் பார்த்து நின்றது. அந்தக் கோடை முழுவதும் உச்சிவேளையில் அப்படித்தான் நின்றது.

ஆகவே, சிறிதளவில் துணை நிற்கும் பொருளைப் பிறர் வயிற்றை அளவாக வைத்து அள்ளித் தின்பவர், கைக்கு எட்டிய வெற்றியோடு தம் சொல்லுக்கு இருந்த மதிப்பையும் இழப்பார்.